மறதிப் பூட்டுக்கு ஒரு திருத்தம்

பல் டாக்டரிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. கன்னத்தை ஏந்திக்கொண்டு வருவார்கள். காத்திருக்கச் சொன்னால் வரவேற்பு மேசையில் இருப்பவளிடம் எரிந்து விழுவார்கள். அவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, "உட்காருங்க, கூப்பிடறோம்" என்பாள். குரலை உயர்த்தவும் மாட்டாள், தாழ்த்தவும் மாட்டாள். எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் அதற்குமேல் பேச வழியில்லாமல் மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். தொட்டியில் இருக்கும் ஒற்றை மீன் மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

அவளுக்குக் கொசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கட்டிக்கொண்டவர் வைத்தது. ஒரு விஷயத்தைக் கேட்க ஆரம்பித்தால் பதில் வரும்வரை காதோரம் சுற்றிக்கொண்டே இருப்பாளாம், பதில் வராவிட்டால் கடித்துவிட்டுத்தான் போவாளாம். கடைசிவரை அந்த மனிதர் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் போன பிறகு, கூப்பிட ஆளில்லாமல் கிடந்த அந்தப் பெயரை அவள் இணையக் கலைக்களஞ்சியத்தில் தன் பயனர் பெயராக வைத்துக்கொண்டாள்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்டிருக்கும் கலைக்களஞ்சியம் அது. சம்பளம் கிடையாது, சண்டை உண்டு. ஒரு நோயாளி உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் கொசு கடைவாய்ப் பற்களைப் பற்றி எழுதினாள், மீன்தொட்டியில் படியும் பாசியைப் பற்றி எழுதினாள். கம்பெனிக்காரர்களும் கட்சிக்காரர்களும் தங்களைப் பற்றி அளந்துவிட்டிருப்பதைத் தேடிப் பிடித்து, "சான்று தேவை" என்று குறி போட்டாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். நத்தை என்ற பெயரில் ஒரு நிர்வாகி உண்டு. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரும் பெயருக்கேற்ப அஃறிணையிலேயே சொல்வார்கள். "கொசு பார்த்துவிட்டால் நான் பார்க்கத் தேவையில்லை" என்று நத்தை ஒருமுறை எழுதியிருந்தது. பல் வலிக்காரர்களிடம் திட்டு வாங்கிப் பிழைக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நத்தைக்குத் தெரிந்திருக்காது.

ஒரே ஒரு கட்டுரையை மட்டும் அவள் தொட்டதில்லை. கொழுந்தனின் பூட்டுக் கம்பெனியைப் பற்றிய கட்டுரை. தன் சொந்த விஷயத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது அங்கே விதி. கம்பெனிக்காரர்கள் தங்கள் கட்டுரையைத் தாங்களே திருத்தக்கூடாது. கட்டுரையோடு ஒட்டியிருக்கும் உரையாடல் பக்கத்தில் வேண்டுகோள் வைக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து முடிவு செய்வார். கம்பெனிக்காரர்களுக்கு உள்ள விதிதான் கம்பெனியால் வயிறெரிந்தவர்களுக்கும். கொசு அதை மதித்தாள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் தனக்குத் தகவல் வரும்படி குறித்து வைத்திருந்தாள்.

தினமும் காலையில் கிளினிக்கைத் திறந்து, கணினியைப் போட்டதும், அந்தக் கட்டுரையை ஒரு தடவை பார்ப்பாள். முழுவதையும் அல்ல, இரண்டு வாக்கியங்களை. "இந்நிறுவனத்தைச் சகோதரர்கள் இருவர் தொடங்கினர். இதன் புகழ்பெற்ற மறதிப் பூட்டை மூத்தவர் வடிவமைத்தார்." கூடவே அவள் கணவரின் முழுப் பெயர். அவர் உயிரோடு இருந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்தது. அந்தப் பூட்டையும் அந்த மனிதரையும் சேர்த்துச் சொல்லும் இடம் வேறெங்கும் மிச்சமில்லை. கம்பெனியின் சொந்த இணையதளத்தில்கூட எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

மறதிப் பூட்டு பிறந்ததே கொசுவால்தான். கல்யாணமான புதிதில் கதவைச் சாத்திவிட்டு, பூட்டாமலே சாவியை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். திருடன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, எடுத்துப் போக ஒன்றும் இல்லாததால் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனான் என்று அவர் ஊரெல்லாம் கதை கட்டினார். கத்தவில்லை. பட்டறையில் உட்கார்ந்து நாள்கணக்கில் அரம் போட்டு ராவி, பூட்டின் நாக்கு முழுதாக வெளியே வந்து மாட்டினால் ஒழிய சாவி கழன்று வராதபடி ஒன்றைச் செய்துகொண்டு வந்து கதவில் பொருத்தினார். "இனிமே நீ மறக்கணும்னு நெனச்சாலும் முடியாது" என்றார்.

அந்தப் பூட்டைத் தம்பிக்காரன் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு வாய் இருந்தது, விற்றான். பட்டறை கம்பெனியாயிற்று. ஆபீஸ் காரியத்தையெல்லாம் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று மூத்தவர் எண்ணெய்க் கையோடு உள்ளேயே இருந்துவிட்டார். எல்லாமே தம்பி பெயரில் பதிவாகியிருந்த சங்கதி அவர் கண்ணை மூடிய பிறகுதான் வெளியே வந்தது.

அதைக்கூட அவள் விட்டுவிட்டாள். பங்கு கேட்டு அவள் போகவில்லை. கம்பெனி வரவேற்பறையில் அவருடைய படம் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனாள். வரவேற்பறைப் பெண், "நீங்க யாரு?" என்று கேட்டாள். ஐயா கூப்பிடுவார் என்று சோபாவில் உட்காரவைத்தார்கள். காலையில் உட்கார்ந்தவள் சாப்பாட்டு வேளை வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு டீ வந்தது. அவன் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பு மட்டும் கேட்டது. எதிர்ச் சுவரில், அவர் படம் தொங்கிய அதே ஆணியில், கொழுந்தன் மறதிப் பூட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இளிக்கும் படம் தொங்கியது. அந்த டீயைப் போய்க் குடித்தோமே என்று இன்றுவரை அவளுக்கு நாக்கு கசக்கிறது.

அந்தக் கம்பெனியின் வேண்டுகோள் கலைக்களஞ்சியத்துக்கு வந்தது ஒரு முற்பகலில். உள்ளே டாக்டர் ஒரு கிழவரின் கடைசிப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொசுவின் திரையில் தகவல் மின்னியது.

"வணக்கம். நான் இந்நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர். இதற்காகச் சம்பளம் பெறுகிறேன்" என்று எழுதியிருந்த பெண் விதிப்படியே ஆரம்பித்திருந்தாள். "கட்டுரையில் சில பழைய தகவல்கள் உள்ளன. அவற்றைப் புதுப்பிக்க வேண்டுகிறோம்." கீழே, இதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று இரண்டையும் கொடுத்திருந்தாள். போட வேண்டியது: "இந்நிறுவனத்தைத் தற்போதைய தலைவர் தனியொருவராகத் தொடங்கினார். மறதிப் பூட்டு அவருடைய கண்டுபிடிப்பு."

புதுப்பிக்க வேண்டுகிறார்களாம். செத்தவர் பழைய தகவல் ஆகிவிட்டார், தூசி தட்டி வெளியே போட வேண்டுமாம். கொசுவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கு முன்னால் நின்ற ஒருவர், "எம்மா, என் முறை எப்போ?" என்று கேட்டது காதிலேயே விழவில்லை.

இத்தனை வருஷம் சும்மா இருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது? சாயங்காலம் மகள் சொன்னாள். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உலகச் செய்தியெல்லாம் அங்கே ஊசிக்குக் கை நீட்டுகிறவர்கள் மூலம் வந்து சேர்ந்துவிடும்.

"சித்தப்பா கம்பெனிய வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் வாங்கப் போறானாம்மா. வாங்கறவன் சும்மா வாங்குவானா? எல்லாத்தையும் தோண்டிப் பாப்பான். ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்கன்னு போட்டிருந்தா, அந்த இன்னொருத்தர் எங்க, அவரு குடும்பம் எங்கன்னு கேப்பான்ல?"

"அப்போ அவனுக்கு அவசரம்" என்றாள் கொசு.

"அம்மா, நீ அதுல தலையிடாத. அங்க உனக்குன்னு ஒரு நல்ல பேர் இருக்கு. அத கெடுத்துக்காத."

"நான் தொட மாட்டேன். கேக்க மட்டும்தான் போறேன்."

"நீ கேக்க ஆரம்பிச்சா என்னாகும்னு அப்பாவக் கேட்டாத் தெரியும்" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கொசு உரையாடல் பக்கத்தில் எழுதினாள். "வணக்கம். தனியொருவராகத் தொடங்கினார் என்பதற்குச் சான்று தரவும். நிறுவனத்தின் சொந்த இணையதளம் சான்றாகாது." அவ்வளவுதான். தான் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் பேசும்போது சம்பந்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டாள்.

"மதிப்பிற்குரிய கொசு அவர்களுக்கு" என்று பதில் வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி தன்னை அப்படி விளிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சான்றாக ஒரு பத்திரிகைப் பேட்டியைக் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தாள். பேட்டியின் அடியில் பொடி எழுத்தில் "விளம்பரப் பகுதி" என்று இருந்தது. "நன்றி. விளம்பரம் சான்றாகாது" என்று எழுதினாள். அடுத்து ஒரு விருது வந்தது, சிறந்த கண்டுபிடிப்பாளர் விருது. கொடுத்த சங்கத்தின் தலைவர் யார் என்று தேடினாள். கொழுந்தனேதான். தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டு தானே கைதட்டியிருக்கிறான். "நன்றி. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே என்பதால் ஏற்க இயலவில்லை" என்றாள். பிறகு ஒரு கல்லூரி மலர் வந்தது. அந்த மலரை அச்சடிக்கச் செலவு செய்தது யார் என்று அதன் முதல் பக்கத்திலேயே நன்றியுரை இருந்தது.

ஒரு வார்த்தை கடுமையாக எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள். உள்ளே டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் பல்லைப் பிடுங்குவார். கொசுவும் அதே மரியாதையோடுதான் வேலை செய்தாள். சான்று கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் பதில்கள் நீண்டுகொண்டே போயின. அவற்றில் "எங்கள் தலைவர் மிகவும் விரும்புகிறார்" என்பது அடிக்கடி வர ஆரம்பித்தது. தலைவர் அவள் உயிரை எடுக்கிறார் என்று கொசு புரிந்துகொண்டாள். அந்தப் பெண்ணை நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருந்தது, ஆனால் விடவில்லை.

இந்தக் கூத்தைப் பார்த்து நத்தை ஊர்ந்து வந்தது. நத்தைக்கு எதையும் பாதி பார்க்கும் வழக்கமில்லை. கட்டுரையைத் தலையிலிருந்து கால்வரை படித்துவிட்டு இப்படி எழுதியது: "புதிய வாக்கியத்துக்கு மட்டுமல்ல, பழைய வாக்கியத்துக்கும் சான்று இல்லை. சம்பந்தமில்லாத எவரும் இந்நிறுவனத்தைப் பற்றி எங்கும் எழுதியதாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே இருக்கத்தான் வேண்டுமா என்று எல்லோரும் கூடிப் பேசுவோம்." பேசுவதற்கு நீக்கல் விவாதப் பக்கம் ஒன்றைத் திறந்தும் வைத்தது.

கொசு இதை எதிர்பார்த்தாளா என்றால், எதிர்பார்த்தாள். சான்று, சான்று என்று ஒரு பக்கத்தில் கேட்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவளுக்கா தெரியாது?

விஷயம் தெரிந்து மகள் வேலையிலிருந்து வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். "அப்பா பேரும் சேந்து போயிடும்மா. அது ஒண்ணுதான் மிச்சம்னு நீதானே சொல்லுவ?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா செஞ்ச?"

"அவன் கேட்டபடி விட்டா அப்பா பேர் மட்டும் போகும், அவன் பேர் பூட்டோட நிக்கும். இப்படிப் போனா ரெண்டும் போகும். அவன் பேர் நிக்கக் கூடாது."

மகள் செருப்பைக் கழற்றி வாசலில் போட்டாள். "உன்னப் பாத்தா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொசுவுக்கும் தன்னைக் கண்டு பயமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலை அந்த இரண்டு வாக்கியங்களை வழக்கம்போல் பார்த்தாள். கட்டுரையின் நெற்றியில் சிவப்புப் பட்டையில் நீக்கல் அறிவிப்பு ஒட்டியிருந்தது. திரையில் அவர் பெயரின்மேல் விரலை வைத்தாள். உங்கள் பெயரை நானே அழிக்கப் பார்க்கிறேனே என்று நினைத்தாள். மன்னிப்பு வாய்வரை வந்தது. அந்தச் சோபாவையும் அந்த டீயையும் நினைத்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டாள்.

விவாதப் பக்கத்தில் "நீக்குக" என்று ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். செய்தித் தொடர்பாளர் ஒற்றை ஆளாக மூச்சு வாங்கினாள். கொழுந்தன் அதுவரை அந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. கட்டுரையே போகப் போகிறது என்று சொன்ன பிறகுதான், கொண்டா பார்ப்போம் என்று வாங்கிப் பார்த்திருப்பான். பார்த்ததும் கொசு என்ற பெயர் முகத்தில் அறைந்திருக்கும். பட்டறையில் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட போதெல்லாம் பக்கத்தில் நின்று சிரித்தவன் அவன்தானே.

கிளினிக் போன் அடித்தது.

"டென்டல் கிளினிக், சொல்லுங்க."

"அண்ணி, நான்தான்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிரித்த அதே குரல். கொசு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சொல்லு தம்பி. பல்லு வலியா?"

"விளையாடாதீங்க அண்ணி. அந்தக் கொசு நீங்கதானே?"

"அண்ணன் வச்ச பேரு. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

அந்தக் காலத்தில் கடைக்காரர்களிடம் பூட்டை விற்ற குரலுக்கு மாறினான். "இங்க பாருங்க. குடும்ப விஷயத்த ஊர் சிரிக்கற மாதிரி வெளிய வைக்கணுமா? நாங்க கேட்டத வாபஸ் வாங்கிக்கறோம். அண்ணன் பேர் அப்படியே இருக்கட்டும். நீங்களும் அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி இத நிறுத்திடுங்க. எல்லாம் பழையபடி இருக்கும்."

பழையபடி. ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு ஆடிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், நான் சான்று தேடித் தருகிறேன் என்று அவள் ஒரு வரி எழுதினால் நத்தை பொறுக்கும். அவர் பெயர் இருந்த இடத்தில் இருக்கும். தினமும் காலையில் கணினியைப் போட்டதும் பார்க்கலாம். வேறு என்ன கேட்டாள் அவள்?

"கம்பெனிய வித்து முடிச்சப்புறம்?" என்று கேட்டாள்.

"முடிச்சப்புறம் என்ன?"

"மறுபடியும் புதுப்பிப்பியா?"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

"இவ்வளவு வன்மமா உங்களுக்கு?" என்றான் கடைசியில். விற்பனைக் குரல் போய்விட்டிருந்தது. "நீங்க மட்டும் என்ன யோக்கியம்? எங்கள அத்தன கேள்வி கேட்டீங்களே, நீங்க யாருன்னு அங்க சொன்னீங்களா? நான் சொல்றேன் பாருங்க. நீங்க யாருன்னு எல்லாருக்கும் சொல்றேன்."

"சொல்லு தம்பி" என்றாள் கொசு. "நான் யாருன்னு நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

புகார் வந்தது. "பயனர் கொசு எங்கள் தலைவரின் உறவினர். குடும்பப் பகையை மனதில் வைத்துச் செயல்படுகிறார். அவரைத் தடை செய்து, இந்த விவாதத்தை ரத்து செய்ய வேண்டுகிறோம்." விவாதப் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்க, கம்பெனியின் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து.

நத்தை தன் வேகத்தில் வந்து கேட்டது: "தலைவருக்கு உறவு என்பதற்காக ஒருவரைத் தடை செய்ய முடியாது. இந்தக் கட்டுரையில் உள்ள விஷயத்தில் அவருக்கு என்ன சொந்த நலன்? சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதவும்." தெரிந்து கேட்டதா, தெரியாமல் கேட்டதா என்று இன்றுவரை கொசுவுக்கு விளங்கவில்லை.

கம்பெனியில் அப்போது என்ன நடந்திருக்கும் என்று அவளால் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்ல முடியும். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. அண்ணன் என்று ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதே அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அவங்களுக்கு என்ன சம்பந்தம்னு கேக்கறாங்க சார் என்று போய் நின்றிருப்பாள். அவனுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. முன்பெல்லாம் அண்ணன் தோளைப் பிடித்து உட்காரவைப்பார். இப்போது பிடிக்க ஆளில்லை. எல்லாத்தையும் போடு, ஒண்ணு விடாம போடு என்று கத்தியிருப்பான். சொன்னதைப் பிசகாமல் எழுதத் தெரிந்த பெண், எழுதிவிட்டாள்.

"எங்கள் தலைவருடன் சேர்ந்து இந்நிறுவனத்தைத் தொடங்கியவரும், மறதிப் பூட்டை வடிவமைத்தவருமான அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் மனைவிதான் பயனர் கொசு. எனவே இக்கட்டுரையில் அவருக்கு நேரடியான சொந்த நலன் உள்ளது." அண்ணனின் முழுப் பெயர் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லாமல். கீழே கம்பெனியின் கையெழுத்தும் தேதியும்.

கொசு படித்தாள், மறுபடி படித்தாள். மேசைக்கு முன்னால் கன்னம் வீங்கி நின்ற ஒரு மனிதர், "ஏம்மா அழறீங்க? வலி எனக்குத்தானே?" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத்தான் முதலில் உள்ளே அனுப்பினாள்.

பிறகு பதில் எழுதினாள். "புகாரில் உள்ளது அனைத்தும் உண்மை. நான் அவருடைய மனைவிதான். அவர்தான் அந்தப் பூட்டைச் செய்தார். நிறுவனம் கூறியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. இதை முன்பே சொல்லாதது என் தவறு. தண்டனையை ஏற்கிறேன்."

தண்டனையும் வந்தது. அந்தக் கம்பெனி, அதன் பூட்டுகள், அதன் தலைவர் ஆகியவற்றைப் பற்றிக் கொசு இனி எங்கும் எழுதக்கூடாது. கம்பெனிகளின் வேண்டுகோள்களைப் பரிசீலிக்கும் பொறுப்பும் இனி அவளுக்கு இல்லை. கடைசியில் நத்தை ஒரு வரி சேர்த்திருந்தது: "உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை, கொசு." அந்த ஒரு வரிதான் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு அது வேண்டியதுதான், தெரியும். தெரிந்தாலும் அன்று முழுக்க மனம் ஒரு நிலையில் இல்லை.

என்ன எழுதிவிட்டோம் என்று கம்பெனிக்கு உறைக்கப் பாதி நாள் ஆயிற்று. உறைத்ததும் எழுதியதை அழித்தார்கள். கையெழுத்துப் போட்டு விவாதத்தில் சொன்னதை அங்கே அழிக்க முடியாது, நத்தை திரும்பக் கொண்டுவந்து வைத்தது. "சொன்னதைத் திரும்பப் பெற விரும்பினால் அதன் குறுக்கே கோடு போடலாம். படிக்கும்படி இருக்க வேண்டும்" என்று வழிமுறையும் சொல்லிக் கொடுத்தது. வேறு வழியில்லாமல் கோடு போட்டார்கள். சாதாரணமாக இருந்திருந்தால் நாலு பேர் தாண்டிப் போயிருப்பார்கள். கோடு போட்ட பிறகு, அப்படி என்னதான் சொல்லிவிட்டு முழுங்கப் பார்க்கிறார்கள் என்று வருகிறவர்களெல்லாம் உற்றுப் படித்தார்கள்.

கட்டுரை நீக்கப்பட்டது. விவாதப் பக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் நீங்காது, அதுவும் விதிதான். இப்போது கலைக்களஞ்சியத்தில் அந்தக் கம்பெனியைத் தேடினால், இப்பெயரில் கட்டுரை இல்லை, ஏன் இல்லை என்று அறிய இங்கே செல்லவும் என்று வரும். செல்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கோடு போட்ட அந்த வாக்கியம். கொசு தினமும் காலையில் அதைத்தான் பார்க்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து, கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு கொழுந்தன் வந்தான். முடி நன்றாக நரைத்துவிட்டது. கையிடுக்கில் பழைய பேப்பர் சுற்றிய பெரிய பொட்டலம். நேராக மேசைக்கு வந்து, "அண்ணி" என்றான்.

"உட்காருங்க, கூப்பிடறோம்" என்றாள் கொசு.

மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பக்கத்துக் கடையிலிருந்து அவனுக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தாள். ஒருவர் உள்ளே போனார், ஒருவர் வெளியே வந்தார். அவனுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். கருவியின் ரீங்காரம் எழும்போதெல்லாம் அவன் தோள்கள் குறுகின. சாப்பாட்டு வேளை நெருங்கி, டாக்டரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகு அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

"வாங்க வந்தவங்க அத படிச்சிட்டாங்க. அண்ணன் குடும்பத்துக்கிட்ட பேசி முடிக்காம கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க" என்றான். "அது ஏதோ தப்பா எழுதினது, அப்படி இல்லன்னு அந்தப் பக்கத்துல நீங்க ஒரு வரி போட்டா போதும். நீங்க சொன்னா நம்புவாங்க. இந்தாங்க, நீங்க கேட்டது."

கொசு பேப்பரைப் பிரித்தாள். படத்தின் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. உள்ளே அவர் சட்டைக் கை மடித்து, எண்ணெய் படிந்த விரல்களோடு, படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னதற்காகக் கொஞ்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள்.

"அந்தப் பக்கத்துல எழுத எனக்கு அனுமதி இல்ல தம்பி. நீ சொல்லித்தானே எடுத்தாங்க?"

"அண்ணி..."

"நீயே ஒரு வேண்டுகோள் வையி. அண்ணன் அந்தப் பூட்டைச் செய்யலன்னு எழுது. சான்று கேப்பாங்க. இருந்தா குடு."

அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் டீ வைத்தது வைத்தபடி, மேலே ஆடை படிந்து கிடந்தது.

"டீய ஏன் குடிக்கல?" என்று கேட்டாள். "அன்னிக்கி நான் குடிச்சேனே."

அவன் வெளியே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, மறக்காமல் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.